வீடும் வழியும் வெளியும்: ஜாஸ் கிதாரில் மைனர் கார்டு

(இசை பயிலும் மாணவர்களும் ரசிகர்களும் கூடிய அவையொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று மாலை உங்கள் முன் நான் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் பார்வைக்கு மிகச் சிறியது. ஜாஸ் என்னும் அமெரிக்க சங்கீதத்தில், பியானோவும் பாஸும் பின்னாலிருந்து ஒரு மைனர் கார்டைத் தாங்கிக்கொண்டிருக்க, கிதார் வாசிப்பவர் அதன்மேல் தம் மனோதர்மத்தினாலே தனி ஸ்வரங்களைக் கோத்து ஒரு சஞ்சாரத்தை எழுப்புகிறாரே, அதனை எவ்வாறு சாதகம் செய்வது, எவ்வாறு பகுத்து ஆராய்வது என்பதுதான் அந்த விஷயம். ஜாஸ் வித்வான்கள் அதை லைன் என்பார்கள். நான் சஞ்சாரம் என்ற நமது சொல்லையே வைத்துக்கொள்கிறேன். கார்டு, ஸ்கேல் போன்ற சொற்களை மட்டும், கிதார் பிடித்த கைகளுக்கெல்லாம் பழகிப்போனவை ஆதலால், அப்படியே ஆளுகிறேன்.

இந்த விஷயத்துக்குள் நான் நுழைந்த வாசலை முதலில் சொல்லிவிட வேண்டும். என் இளமையில், மைனர் கார்டுக்குரிய ஸ்கேல்கள் இவை என்று ஒரு பட்டியலைப் பாடம் செய்து, அவற்றை ஏற்றமும் இறக்கமுமாகக் காலை மாலை வேகமாக வாசித்து, அதுவே சாதகம் என்று நம்பிச் சில வருஷங்களைக் கழித்தேன். பிறகு வயது முதிர்ந்த கிதார் ஆசிரியர் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் டி மைனர் கார்டு ஒன்றை மெதுவாகப் பிடித்துக்கொண்டு, "வாசி, தம்பி" என்றார். நான் எனக்குத் தெரிந்த அத்தனையையும் கொட்டி முடித்தேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீ வாசித்த ஸ்வரங்களில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இப்போது நீ எங்கே இருக்கிறாய்? வீட்டில் இருக்கிறாயா, வழியில் போகிறாயா?" என்று கேட்டார். நான் ஸ்கேலின் பெயரைச் சொன்னேன். "அது நீ உடுத்தியிருக்கிற சட்டை. நான் கேட்டது நீ நிற்கிற இடத்தை" என்றார் அவர். இன்றைய சொற்பொழிவு முழுவதும் அந்த ஒரு கேள்விக்கு நான் தேடிக் கண்ட விடை என்றே கொள்ளுங்கள்.

மைனர் கார்டு என்பது என்ன என்பதை, புதிதாக வந்திருப்பவர்களை உத்தேசித்து, இரண்டு வார்த்தையில் சொல்லுகிறேன். டி மைனர் செவன்த் என்ற கார்டில் நான்கு ஸ்வரங்கள் உண்டு: டி, எஃப், ஏ, ஸி. டி என்பதை ஆதார ஸட்ஜமாகக் கொண்டால், எஃப் சாதாரண காந்தாரம், ஏ பஞ்சமம், ஸி கைசிகி நிஷாதம். ஸட்ஜத்திலிருந்து அந்தக் காந்தாரத்துக்குக் கிதாரில் 3 மெட்டுத் தூரம்; அதையே இன்னும் ஒரு மெட்டு உயர்த்தினால் அந்தர காந்தாரமாகி, கார்டு மேஜராக மாறிவிடும். ஆகவே மைனர் என்ற பாவம் முழுவதும் அந்த ஒரு காந்தாரத்தின் தாழ்விலே பிறக்கிறது.

இனி, இந்தக் கார்டின் மேல் எந்த ஸ்கேலை வாசிப்பது என்ற கேள்வி. மேல்நாட்டார் டோரியன், ஏயோலியன், ஹார்மானிக் மைனர், மெலாடிக் மைனர் என்று பல பெயர்களைச் சொல்லும்போது நம் மாணவர்கள் மலைத்துப்போகிறார்கள். மலைக்க வேண்டியதில்லை. நம் மேளகர்த்தா முறையில் நான்காவதாகிய வேத சக்கரத்தை நினைத்துப் பாருங்கள். அதில் 20-ஆவது மேளமாகிய நடபைரவியின் ஸ்வரஸ்தானங்களே ஏயோலியன். 21-ஆவதாகிய கீரவாணி ஹார்மானிக் மைனர். 22-ஆவதாகிய கரஹரப்பிரியா டோரியன். 23-ஆவதாகிய கௌரிமனோஹரி மெலாடிக் மைனரின் ஆரோகணம். இந்த நான்கிலும் சதுச்ருதி ரிஷபமும், சாதாரண காந்தாரமும், சுத்த மத்தியமமும், பஞ்சமமும் மாறாமல் நிற்கின்றன; மாறுவன தைவதமும் நிஷாதமுமே. பூர்வாங்கம் ஒன்று, உத்தராங்கம் பல. மைனர் ஸ்கேல்களின் விவகாரம் பெரும்பாலும் இவ்வளவுதான். ராகம் என்பது வெறும் ஸ்கேல் அன்று, அதற்குக் கமகமும் பிடியும் ஜீவஸ்வரமும் உண்டு என்பதை இந்த அவையில் நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆனால் அதே எச்சரிக்கை ஜாஸுக்கும் பொருந்தும் என்பதை மட்டும் வற்புறுத்திச் சொல்லுவேன்: அங்கேயும் ஸ்கேல் என்பது சங்கீதம் அன்று. மாறுகிற அந்த இரண்டு ஸ்வரங்களில் எதனை எப்போது எடுப்பது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் ஸ்கேலுக்கு இல்லை. கார்டு நிற்கின்ற இடத்துக்கே உண்டு.

அந்த இடம் மூன்று வகைப்படும். வீடாக நிற்கும் மைனர் ஒன்று; வழியாக நிற்கும் மைனர் ஒன்று; வெளியாக நிற்கும் மைனர் ஒன்று.

வீடு என்றால், பாட்டு அங்கே வந்து இளைப்பாறுகிறது என்று பொருள். 1937-இல் பாரிஸ் நகரத்தில் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் என்ற மகா வித்வானும், வயலின் வித்வான் ஸ்தெஃபான் கிராப்பெல்லியும் சேர்ந்து இசைத்தட்டில் பதிந்த 'மைனர் ஸ்விங்' என்ற உருப்படியைக் கேட்டிருப்பீர்கள். ஏ மைனர் அதன் வீடு. டி மைனரும் ஈ செவன்த்தும் அந்த வீட்டிலிருந்து புறப்பட்டுத் திரும்புகிற இரண்டு தெருக்கள். 1928-இல் தம் வண்டிவீடு தீப்பிடித்ததில் ஜாங்கோவின் இடது கையில் இரண்டு விரல்கள் ஊனமுற்றன. எஞ்சிய இரண்டு விரல்களைக் கொண்டே அவர் தம் தனி சஞ்சாரங்களை வாசித்தார். அத்தகைய கைக்கு ஸ்கேலில் படிப்படியாக ஏறுவதைவிட, கார்டின் உறுப்பு ஸ்வரங்களைத் தந்திக்குத் தந்தி தாவிப் பிடிப்பது இயல்பாக வந்திருக்கக்கூடும். அந்தத் தாவலில் ஒவ்வொரு ஸ்வரமும் வீட்டுத் தூண்போல உறுதியாக நிற்பதை நீங்கள் கேட்கலாம். ஜாங்கோவின் மரபில் வீட்டு மைனரைக் கைசிகி நிஷாதத்தோடு பிடிப்பதைக் காட்டிலும், சதுச்ருதி தைவதத்தைச் சேர்த்து மைனர் ஸிக்ஸ்த் என்று பிடிப்பதையே விரும்புகிறார்கள். டெட்ராய்ட் நகரத்துப் பியானோ வித்வானும் நெடுங்காலம் ஆசிரியராக விளங்கியவருமான பாரி ஹாரிஸும் வீட்டு மைனருக்கு ஸிக்ஸ்த் கார்டையே அஸ்திவாரமாக வைத்துப் பாடம் சொன்னார். கைசிகி நிஷாதம் கீழே நழுவி வேறெங்கோ போக விரும்புகிற ஸ்வரம்; தைவதம் இருந்த இடத்திலே இருக்கச் சம்மதிக்கிற ஸ்வரம். வீட்டில் எது தகும் என்பதைக் காதே சொல்லிவிடும்.

வழி என்றால், கார்டு தங்குவதற்காக வரவில்லை, தாண்டிச் செல்வதற்காக வந்திருக்கிறது என்று பொருள். ஸி மேஜரை நோக்கிச் செல்லும்போது டி மைனர் செவன்த், ஜி செவன்த், ஸி என்று மூன்று கார்டுகள் வரிசையாக வருவது ஜாஸில் எங்கும் காணக்கிடப்பது. இங்கே டி மைனர் ஒரு படிக்கட்டு. இண்டியானாபொலிஸ் நகரத்துக் கிதார் வித்வான் வெஸ் மாண்ட்கோமரி 1960-இல் பதிந்த 'ஃபோர் ஆன் ஸிக்ஸ்' என்ற தம் சொந்த உருப்படியில், முதல் நான்கு ஆவர்த்தங்கள் ஜி மைனர் என்ற வீட்டிலே நிதானமாக உலாவுகின்றன. அடுத்த நான்கு ஆவர்த்தங்களில் ஆவர்த்தத்துக்கு ஒரு மைனர் வீதம் ஸி மைனர், பி ஃபிளாட் மைனர், ஏ மைனர், ஈ ஃபிளாட் மைனர் என்று வழி மைனர்கள் வேகமாகக் கடந்து போகின்றன. ஒரே உருப்படிக்குள் வீட்டையும் வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிற அந்த எட்டு ஆவர்த்தங்களைவிடச் சிறந்த பாடபுஸ்தகம் இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்தவரை இல்லை.

வெளி என்பது மூன்றாவது. 1959 மார்ச் மாதத்தில் டிரம்பெட் வித்வான் மைல்ஸ் டேவிஸின் குழுவினர் 'ஸோ வாட்' என்ற உருப்படியைப் பதிந்தார்கள். 32 ஆவர்த்தங்கள், முதல் 16 டி மைனர், அடுத்த 8 அரை ஸ்வரம் உயர்ந்து ஈ ஃபிளாட் மைனர், கடைசி 8 மறுபடியும் டி மைனர். வேறு கார்டு கிடையாது. போக வேண்டிய ஊரும் இல்லை, திரும்ப வேண்டிய அவசரமும் இல்லை. ஸாக்ஸஃபோன் வித்வான் ஜான் கோல்ட்ரேனின் 'இம்ப்ரெஷன்ஸ்' அதே அமைப்பில் பிறந்தது. அதை வெஸ் மாண்ட்கோமரியும் விரும்பி வாசித்தார். வழியில் நடந்து பழகியவனுக்கு இந்த வெளி திகைப்பைத் தருகிறது. தள்ளிச் செல்லக் கார்டு இல்லாதபோது, ஸ்வரத்தைத் தள்ள வேண்டிய பொறுப்பு வாசிப்பவன் மேலே விழுகிறது. மௌனம் எங்கே, பேச்சு எங்கே, எந்த ஸ்வரத்தை விளக்காக ஏற்றி வைப்பது என்பதையெல்லாம் அவனே முடிவு செய்ய வேண்டும்.

இவ்வளவும் பொதுவாகச் சொன்னது. இனி ஒரு விதையை எடுத்துக்கொண்டு, அது மூன்று மண்ணிலும் எப்படி முளைக்கிறது என்பதைப் பார்ப்போம். இதற்காக நானே கட்டிய ஒன்பது ஸ்வரங்கள் இவை. நான்கு எண்ணிக்கை கொண்ட ஓர் ஆவர்த்தத்தில், எண்ணிக்கைக்கு இரண்டாக எட்டு ஸ்வரங்கள். ஒன்பதாவது அடுத்த ஆவர்த்தத்தின் முதல் எண்ணிக்கையில் விழும்.

எஃப், ஏ, ஸி, ஈ, டி, ஸி ஷார்ப், ஸி, பி, ஏ.

நம் வாயால் சொன்னால்: காந்தாரம், பஞ்சமம், கைசிகி நிஷாதம், மேல் ரிஷபம், மேல் ஸட்ஜம், காகலி நிஷாதம், கைசிகி நிஷாதம், சதுச்ருதி தைவதம், பஞ்சமம். ஒருமுறை மனத்துக்குள் பாடிப் பாருங்கள்.

இதனைப் பகுப்பதற்கு மூன்று கேள்விகள் போதும்: எங்கே தொடங்குகிறது, எங்கே அமருகிறது, இடையில் எப்படி நடக்கிறது. தொடக்கம் ஸட்ஜத்தில் இல்லை, காந்தாரத்தில். பாஸ் வாசிப்பவர் ஸட்ஜத்தைக் கீழே தாங்கிக்கொண்டிருக்கிறார்; அதை நாமும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. மைனர் என்ற பாவத்தைப் பிறப்பிக்கும் ஸ்வரம் எதுவோ அதிலேயே வாய் திறக்கிறோம். முதல் நான்கு ஸ்வரங்களை மட்டும் தனியே எடுத்தால் அது எஃப் மேஜர் செவன்த் என்ற வேறொரு கார்டாக இருக்கிறது. டி மைனரின் மேல் எஃப் மேஜரைப் பரப்பும்போது காந்தாரமும் பஞ்சமமும் நிஷாதமும் கேட்பதோடு, கார்டில் இல்லாத ரிஷபமும் உச்சியில் ஒரு பூப்போலத் தோன்றுகிறது. ஒரு கார்டின் மேல் இன்னொரு கார்டைப் போர்த்துகிற இந்த உபாயம் ஜாஸ் கிதாரின் பெரும் செல்வங்களில் ஒன்று.

அமருகிற இடம் பஞ்சமம், கார்டின் உறுப்பு, ஆவர்த்தத்தின் முதல் எண்ணிக்கை. கற்பனை ஸ்வரம் பாடுகிறவர் எடுப்பில் வந்து சேருவதை அறிந்த உங்களுக்கு இதன் இன்பத்தை நான் விளக்க வேண்டுவதில்லை.

நடை என்ற மூன்றாவது கேள்வியில்தான் ரகசியம் இருக்கிறது. எண்ணிக்கை விழுகிற இடங்களில் மட்டும் உள்ள ஸ்வரங்களைப் பொறுக்குங்கள்: எஃப், ஸி, டி, ஸி, ஏ. அத்தனையும் கார்டின் உறுப்புகள். எண்ணிக்கைகளுக்கு நடுவே விழுபவை ஏ, ஈ, ஸி ஷார்ப், பி. கைசிகியும் காகலியும் அடுத்தடுத்து வருவதை நம் கரஹரப்பிரியா ஒப்பாது. இங்கே அந்தக் காகலி நிஷாதம் எண்ணிக்கைக்கு நடுவே, இரண்டு உறவினருக்கு இடையே நடந்து போகிற விருந்தாளியாக வருவதால், அபஸ்வரமாகத் தோன்றாமல் அழகாகிறது. இப்போது அதே ஒன்பது ஸ்வரங்களை அரை எண்ணிக்கை தள்ளித் தொடங்கிப் பாருங்கள். ஸ்வரம் ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் ஏ, ஈ, ஸி ஷார்ப் என்பவை எண்ணிக்கையில் வந்து விழ, டி மைனரின் மேல் ஏ மேஜர் கார்டின் சாயல் எழுந்து, இன்னும் தீராத ஒரு கேள்வியைக் காதில் வைக்கிறது. ஸ்வரத்தை எழுதிவைத்துவிட்டு அதன் காலத்தை எழுதாமல் செய்கிற ஆராய்ச்சி ஏன் பயன்படுவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். ஜாஸ் வித்வான்கள் அந்த நடு ஸ்வரங்களுக்குச் சற்று அழுத்தம் கொடுத்து, முன்னது நீண்டும் பின்னது குறுகியும் ஊசலாட வாசிப்பார்கள். அமைதி எண்ணிக்கையில், துள்ளல் நடுவில் என்பதே அந்த நடையின் உயிர்.

இப்போது விதையை மூன்று மண்ணிலும் ஊன்றுவோம். மேலே சொன்ன வடிவம் அப்படியே வெளிக்கு உரியது. பஞ்சமத்தில் அமர்ந்து, ஓர் ஆவர்த்தம் பேசாமல் இருந்து, மறுபடியும் வேறோர் எண்ணிக்கையில் தொடங்கலாம். வழிக்கு வேண்டுமானால் கடைசி இரண்டு ஸ்வரங்களை மட்டும் இடம் மாற்றுங்கள்: எஃப், ஏ, ஸி, ஈ, டி, ஸி ஷார்ப், ஸி, ஏ, பி. ஒன்பதாவது ஸ்வரம் விழும்போது கார்டு ஜி செவன்த்தாக மாறியிருக்கும். பி என்பது அந்தக் கார்டின் அந்தர காந்தாரம். டி மைனரிலிருந்து ஜி செவன்த்துக்குப் போகையில் ஸி என்ற ஸ்வரம் அரை ஸ்வரம் இறங்கி பி ஆவதுதான் அந்தப் பயணத்தின் சாரம். நம் சஞ்சாரம் அதையே வாயால் சொல்லிவிடுகிறது. வீட்டுக்கு வேண்டுமானால் கைசிகியை நீக்கிக் காகலியை வையுங்கள்: எஃப், ஏ, ஸி ஷார்ப், ஈ; டி, ஸி ஷார்ப், பி, ஏ; எஃப். இது கௌரிமனோஹரியின் ஸ்வரங்களிலே நடந்து காந்தாரத்தில் அமருகிறது.

இந்த மூன்றிலும் பி என்ற ஒரே ஸ்வரத்தைக் கவனித்தீர்களா? வீட்டில் அது குடும்பத்தில் ஒருத்தி. மைனர் ஸிக்ஸ்த்தின் சொந்த உறுப்பு. வழியில் அது அடுத்த ஊரின் செய்தியைக் கொண்டுவரும் தூதன். வெளியில் அது ஒரு வர்ணம். நடபைரவியின் துயரச் சாயலை நீக்கி, கரஹரப்பிரியாவின் ஒளியைக் காட்டுகிற விளக்கு. ஸ்வரம் ஒன்று, பொருள் மூன்று. அந்தப் பெரியவர் என்னை "எங்கே இருக்கிறாய்" என்று கேட்டதன் தாத்பர்யம் இதுவே.

மைனர் சஞ்சாரம் ஒன்றை இவ்வாறு ஆழ்ந்து அறிந்தவனுக்கு இன்னொரு கதவும் திறக்கிறது. ஃபிலடெல்ஃபியா நகரத்தில் 1944-இல் பிறந்த பாட் மார்ட்டினோ என்ற கிதார் வித்வான், எதிர்ப்படுகிற எந்தக் கார்டையும் ஏதாவதொரு மைனராக மாற்றிக்கொண்டு சிந்திப்பதைத் தம் முறையாக வைத்திருந்தார். இதன் உண்மையை ஏ மைனர் வீட்டுக்குத் திரும்புகிற வழியில் சோதிக்கலாம். முதலில் பி ஹாஃப் டிமினிஷ்ட். அதன் ஸ்வரங்களான பி, டி, எஃப், ஏ என்பவை டி மைனர் ஸிக்ஸ்த்தின் ஸ்வரங்களே. அடுத்து ஈ செவன்த். அதன் மேல் எஃப் மைனர் ஸிக்ஸ்த்தை வாசித்தால், எஃப் சுத்த ரிஷபமாகவும், ஏ ஃபிளாட் அந்தர காந்தாரமாகவும், ஸி சுத்த தைவதமாகவும், டி கைசிகி நிஷாதமாகவும் விழுந்து, வீட்டை நோக்கித் தவிக்கிற தவிப்பு முழுவதையும் தருகின்றன. மூன்றாவது ஏ மைனர், வீடு. டி மைனர், எஃப் மைனர், ஏ மைனர்: மூன்று வெவ்வேறு இலக்கணங்களாகத் தோன்றியவை ஒரே கையுருவம் மூன்று இடங்களுக்கு நகர்வதாக எளிமைப்பட்டுவிடுகின்றன. ஆனால் இது ஸ்கேல்களை மனப்பாடம் செய்வதற்குக் குறுக்கு வழி என்று யாரும் கொள்ளக்கூடாது. ஒரு மைனரை உள்ளும் புறமும் அறிந்தவனுக்கே அந்த நகர்வு சங்கீதமாகப் பலிக்கும்.

இனிச் சாதகத்தின் முறை. அதைச் சொல்லுவதற்கு முன், முன்னோர் எப்படிக் கற்றார்கள் என்பதை நினைப்பது நல்லது. 1936-இல் கிப்ஸன் கம்பெனியார் இ.எஸ். 150 என்ற மின்சாரக் கிதாரை வெளியிட்டார்கள். அதுவரையில் பெரிய வாத்தியக் குழுவில் தாளத்தைத் தாங்குவதோடு பெரும்பாலும் நின்றுவிட்ட கிதாரால், அதன்பின் டிரம்பெட்டுக்கும் ஸாக்ஸஃபோனுக்கும் சமமாகத் தனி ஸ்வரத்தில் பேச முடிந்தது. அந்தக் குரலை உலகறியச் செய்தவர், 1939-இல் கிளாரினெட் வித்வான் பென்னி குட்மனின் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன். 1942-இல், 25 வயதிலேயே, க்ஷயரோகத்தால் அவர் மறைந்தார். அவருடைய 'ஸோலோ ஃப்ளைட்' என்ற இசைத்தட்டைக் கேட்டு ஆட்கொள்ளப்பட்டவர்தான் வெஸ் மாண்ட்கோமரி. அவருக்கு ஸ்வரக்குறிப்பைப் படிக்கத் தெரியாது. கிறிஸ்டியனுடைய சஞ்சாரங்களை ஸ்வரம் ஸ்வரமாகக் காதால் பிடித்து, அவற்றை அப்படியே வாசிப்பதற்காகவே தம் ஊர் இசைக்கூடத்தில் முதலில் வேலைக்கு அமர்ந்தார். பிளெக்ட்ரத்தை விட்டுக் கட்டைவிரலால் மீட்டியதும், பகலெல்லாம் தொழிற்சாலையில் உழைத்து இரவில் வாசித்ததும் அவருடைய சரித்திரம். பிற்காலத்தில் அவர் தனி ஸ்வரத்தில் தொடங்கி, இரட்டை ஸ்தாயிகளுக்கு ஏறி, முழுக் கார்டுகளில் முடித்த மகோன்னதமான வாசிப்புக்களுக்கெல்லாம் வேர், ஒரு தட்டின் முன் அமர்ந்து கேட்ட அந்தக் கேள்வி ஞானமே.

ஆகவே முதல் விதி: வாசிக்குமுன் பாடுங்கள். பாட வராத சஞ்சாரம் விரலுக்குச் சொந்தமே தவிர உங்களுக்குச் சொந்தமாகாது. இரண்டாவது: தட்டிலிருந்து நான்கு ஆவர்த்தங்களுக்கு மேற்படாத ஒரு பகுதியைக் காதால் பிடியுங்கள், பிடித்து முடித்த பிறகே காகிதத்தில் எழுதுங்கள். மூன்றாவது: எழுதிய ஸ்வரங்களின் கீழே அவை ஸட்ஜத்திலிருந்து எத்தனையாவது என்பதையும், எண்ணிக்கையில் விழுகின்றனவா நடுவில் விழுகின்றனவா என்பதையும், கார்டு வீடா வழியா வெளியா என்பதையும் குறியுங்கள்.

நான்காவது, கிதாருக்கே உரிய ஒரு சங்கடத்தைப் பற்றியது. பியானோவில் ஒரு ஸ்வரத்துக்கு ஒரு கட்டைதான். கிதாரில் முதல் தந்தியைத் திறந்து மீட்டினால் எழுகிற ஈ என்ற அதே ஸ்வரம், இரண்டாம் தந்தியில் 5-ஆம் மெட்டிலும், மூன்றாம் தந்தியில் 9-ஆம் மெட்டிலும், நான்காம் தந்தியில் 14-ஆம் மெட்டிலும், ஐந்தாம் தந்தியில் 19-ஆம் மெட்டிலும் இருக்கிறது. இடத்துக்கு இடம் நாதத்தின் குணம் மாறும். தடித்த தந்தியில் மேலே பிடித்த ஸ்வரம் கனிந்து ஒலிக்கும். ஆகையால் ஒவ்வொரு சஞ்சாரத்தையும் குறைந்தது மூன்று இடங்களில் வாசித்து, எங்கே அது நன்றாகப் பேசுகிறது என்று கேளுங்கள். ஐந்தாவது: அதைப் பன்னிரண்டு சுருதிகளுக்கும் நகர்த்துங்கள், டி, ஜி, ஸி, எஃப் என்று மத்தியம முறையில் போவது ஜாஸின் பாட்டையோடு ஒத்தது. ஆறாவது: மெட்ரோனோமின் தட்டை இரண்டாவது, நான்காவது எண்ணிக்கைகளில் வைத்து, பேசுகிற வேகத்தைக் காட்டிலும் மெதுவாகத் தொடங்குங்கள். ஏழாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: கற்ற சஞ்சாரத்தில் ஒவ்வொரு நாளும் ஒன்றே ஒன்றை மாற்றுங்கள். தொடக்க ஸ்வரத்தையோ, அமருகிற ஸ்வரத்தையோ, காலத்தையோ மாற்றி, நாம் சற்றுமுன் செய்ததுபோல, வீட்டுக்கு உரியதை வழிக்கும் வழிக்கு உரியதை வெளிக்கும் ஆக்கிப் பாருங்கள். அப்போது பிறருடைய பாடாந்தரம் மெல்ல மெல்ல உங்கள் மனோதர்மமாகும்.

பகுத்துப் பார்த்தால் ரஸம் போய்விடாதா என்று சில அன்பர்கள் கேட்பதுண்டு. பூவை இதழ் இதழாகப் பிய்ப்பதுபோன்ற ஆராய்ச்சியால் ரஸம் போகத்தான் செய்யும். நான் சொல்லுகிற ஆராய்ச்சி அத்தகையதன்று. அன்பான ஒருவர் பேசும்போது, இந்தச் சொல்லை இந்த இடத்தில் ஏன் சொன்னார் என்று மனம் திரும்பத் திரும்ப நினைக்கிறதே, அதுபோன்றது. சாதகம் விரலின் வேலை, ஆராய்ச்சி மூளையின் வேலை என்று பிரிப்பதே பிழை. இரண்டும் காதின் வேலைதான்.

இதற்குப் பாட் மார்ட்டினோவின் வாழ்க்கையே சாட்சி. 1967-இல் 'எல் ஹோம்ப்ரே' என்ற முதல் தட்டை வெளியிட்டு, இளமையிலேயே பெரும் புகழ் பெற்றிருந்த அவருக்கு, 1980-இல் மூளையில் ரத்தக்குழாய்க் கோளாறுக்காக அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் பிழைத்தார், நினைவு போயிற்று. கிதார் என்பது தம் வாழ்க்கையில் என்னவாக இருந்தது என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. பின்னர் அவர் தம்முடைய பழைய இசைத்தட்டுகளையே வைத்துக் கேட்டுக் கேட்டுக் கிதாரை மறுபடியும் கற்றார். 1987-இல் 'தி ரிட்டர்ன்' என்ற பெயரோடு தட்டு உலகத்துக்குத் திரும்பினார். 2021-இல் மறையும்வரை வித்வானாகவே வாழ்ந்தார். வெஸ் மாண்ட்கோமரி ஒரு தட்டின் முன் அமர்ந்து இன்னொருவரைக் கற்றார். மார்ட்டினோ ஒரு தட்டின் முன் அமர்ந்து தம்மையே கற்றார். ஒருவருக்கு ஸ்வரக்குறிப்பு தெரியாது. மற்றவருக்குத் தம் கடந்த காலம் தெரியாது. இருவருக்கும் எஞ்சியிருந்தது, ஒரு சஞ்சாரம் எங்கே தொடங்கி எங்கே அமருகிறது என்று கேட்கிற காது ஒன்றே. அது போதுமானதாக இருந்தது.

நண்பர்களே, இன்றிரவு வீட்டுக்குப் போனதும் ஸ்கேல் புஸ்தகத்தைத் திறக்க வேண்டாம். டி மைனர் கார்டு ஒன்றைப் பிடித்து, நாதம் அடங்கும்வரை கேளுங்கள். அந்த ஒன்பது ஸ்வரங்களை வாய்விட்டுப் பாடுங்கள், பிறகு வாசியுங்கள். வாசித்து முடித்து, பஞ்சமத்தில் விரல் நிற்கும்போது, என் ஆசிரியர் என்னைக் கேட்ட கேள்வியை உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: இப்போது நான் எங்கே இருக்கிறேன்? விடை உடனே வராவிட்டால் வருந்த வேண்டாம். எனக்கும் பல வருஷங்கள் ஆயின. கேள்வியோடு மறுபடியும் எஃப்-இலிருந்து தொடங்குங்கள்.